தேவாங்கு வந்த வழி

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் விரிந்துள்ள கடவூர்க் காடுகளில் தேவாங்குக்கென்றே 11,806 ஹெக்டேர் பரப்பில் ஒரு சரணாலயத்தை 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கையளவு உடல், வாலே இல்லை, முகத்தை நிறைக்கும் இரண்டு கண்கள். திருதிருவென்று விழிப்பவரைத் தேவாங்கு என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. இலங்கையிலும் இது வாழ்கிறது. 1758இல் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயர் வகுத்தபோது, இலங்கையிலிருந்து தெரியவந்த தேவாங்கை 'லெமூர்' என்ற பேரினத்தில் சேர்த்தார். உரோமரின் நம்பிக்கையில் இரவில் அலையும் ஆவிகளுக்கு உரிய பெயர் அது. இன்று அந்தப் பெயர் மடகாஸ்கர் தீவின் விலங்குகளுக்கே உரியதாகிவிட்டது. ஆனால் உறவு பொய்யல்ல. லெமூர்களுக்கும் தேவாங்குக்கும் கீழ்த்தாடையின் முன்பற்கள் சீப்பைப் போல் முன்னோக்கிப் படுத்திருக்கும். அதைக் கொண்டே அவை மயிரைக் கோதிக்கொள்ளும். குரங்குகளுக்கு இந்தச் சீப்புப் பல் கிடையாது. குமரிமுனைக்கும் மடகாஸ்கரின் வடமுனைக்கும் இடையே ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. அப்படியானால் இந்த உறவினர்கள் எப்படிப் பிரிந்தார்கள்? இதுவே இன்றைய உரையின் பொருள்.

இந்தக் கேள்வியை முதலில் அழுத்தமாகக் கேட்டவர் லண்டன் விலங்கியல் சங்கத்தின் செயலாளராக இருந்த ஃபிலிப் ஸ்க்லேட்டர். மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி 1864இல் எழுதிய கட்டுரையில், லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கரில் மிகுதியாகவும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் குறைவாகவும் இருப்பதைச் சுட்டிக்காட்டி, இந்தியப் பெருங்கடலில் முன்பு ஒரு கண்டம் இருந்திருக்க வேண்டும் என்றார். அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அவரைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. கண்டங்கள் நகரும் என்று அன்று நிறுவப்படவில்லை. நிலம் உயரும், தாழும் என்பதே அன்றைய நிலவியல். மலை உச்சியில் கடற்சிப்பி கிடைக்கும்போது, கடலடியில் கண்டம் கிடக்கலாம் என்று நினைப்பதில் பிழையில்லை. பிறகு அந்தப் பெயர் அவர் கையை விட்டுப் போனது. மனித இனமே அங்கு பிறந்திருக்கலாம் என்றார் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். பிளாவட்ஸ்கி அம்மையார் அதைத் தம் மறைஞான நூலுக்குள் கொண்டுசென்றார். இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அது, கடல்கொண்டதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்தின் மறுபெயரானது. சிறு விலங்குகளின் பரவலை வைத்து எழுந்த கருதுகோள் ஒரு மக்களின் வரலாற்று உணர்வுக்குள் நுழைந்துவிட்டது. அதனால்தான் இதை வேறெந்த அவையையும்விடத் தமிழ் அவையில் பொறுமையாக ஆராய வேண்டியிருக்கிறது.

ஸ்க்லேட்டரின் கேள்வி சரியானது, விடைதான் தவறு. தவறு எங்கே நேர்ந்தது? இன்று வாழும் விலங்குகளின் இருப்பிடங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றுக்கிடையே நேர்க்கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் நிலத்தை வைத்தார். இன்றைய பரவல் என்பது நெடுங்கதையின் கடைசிப் பக்கம் மட்டுமே. முந்தைய பக்கங்கள் பாறையில் இருக்கின்றன. விலங்குகள் எந்த வழியாக வந்தன என்று அறிய, வந்தவை எவை என்று எண்ணினால் மட்டும் போதாது. வராதவை எவை, வந்தவை எப்போது வந்தன, வழியில் எங்கே தங்கி எங்கே அழிந்தன என்ற மூன்றையும் கேட்க வேண்டும். இவற்றுக்குப் புதைபடிவங்களே விடை சொல்லும். அவற்றைக் கேட்டுப் பார்த்தால், தேவாங்கையும் லெமூரையும் பிரித்தது மூழ்கிய கண்டம் அல்ல என்பது தெளியும்.

உண்மையான நிலப்பாலம் எப்படி இருக்கும் என்பதை முதலில் பார்ப்போம். அதற்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல்நீரில் ஒரு பங்கு பனிப்பாளங்களாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது, அது தரையாயிற்று. இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். இலங்கையின் இரத்தினபுரியில் மணிக்கல் எடுக்கும் வண்டல் அடுக்குகளிலிருந்து யானை, காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் ஆகியவற்றின் எலும்புகளும் பற்களும் கிடைத்துள்ளன. காண்டாமிருகமும் நீர்யானையும் சிங்கமும் இன்று இலங்கைக் காடுகளில் இல்லை; அன்று இருந்தன. தேவாங்கும் அங்கே இருக்கிறது. கால் உள்ள எதற்கும் பாலம் திறந்திருக்கும். பெரியது சிறியது, ஊனுண்ணி இலையுண்ணி என்று அது தேர்ந்தெடுப்பதில்லை. ஓரளவு வடிகட்டுமேயொழிய, ஒரு கண்டத்தின் விலங்குத் தொகுதியைப் பெருமளவு அப்படியே மறுகரைக்குக் கொண்டுசேர்க்கும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மடகாஸ்கருக்குப் போவோம். ஆப்பிரிக்காவிலிருந்து அதைப் பிரிக்கும் மொசாம்பிக் கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அத்தீவில், வௌவால்களை விட்டுவிட்டால், இயல்பாக வந்து இன்றும் வாழும் தரைப் பாலூட்டிக் குழுக்கள் நான்கே: லெமூர்கள், முள்ளெலியை ஒத்த டென்ரெக்குகள், ஃபோசா முதலிய கீரியினத்தை ஒத்த ஊனுண்ணிகள், ஒரு தனித் துணைக்குடும்பத்தைச் சேர்ந்த எலிகள். யானை இல்லை. காண்டாமிருகம் இல்லை. இரலை இல்லை, வரிக்குதிரை இல்லை, முயல் இல்லை, குரங்கு இல்லை. எதிர்க்கரையில் இவையெல்லாம் கூட்டம் கூட்டமாக இருந்தும் ஒன்றுகூட வந்து சேரவில்லை. வந்த நான்கும் ஒரே காலத்தில் வந்தவையும் அல்ல. மரபணு வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டால் லெமூர்களின் மூதாதைகள் முதலிலும், டென்ரெக்குகள் அதற்கு நெடுங்காலம் பின்னரும், ஊனுண்ணிகளும் எலிகளும் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஒரே மூதாதையிலிருந்து, அல்லது ஒன்றிரண்டிலிருந்து, கிளைத்தது. ஆக, எப்போதோ ஒருமுறை, எதுவோ ஒன்று. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1940இல் நிலப்பாலங்களைப் பற்றி எழுதியபோது இதற்குப் பொருத்தமான உவமை ஒன்றைத் தந்தார். விலங்குகள் பரவும் வழிகளை அகன்ற பாதை, வடிகட்டி, குலுக்கல் என மூன்றாகப் பிரித்தார். பரிசுச்சீட்டுக் குலுக்கலில் ஒருவருக்கு விழும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் குலுக்கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்தால் யாருக்காவது விழுந்தே தீரும். வெள்ளம் பெயர்த்துக்கொண்டுபோன மரங்களும் வேர்ப்பின்னலும் தெப்பமாகிக் கடலில் மிதக்கும்போது, அதில் சிக்கிய சிறு விலங்குக்கு விழும் பரிசு அது.

தெப்பம் என்பது எதையும் விளக்கிவிடும் சாக்கு அல்லவா, அதைச் சோதிப்பது எப்படி என்று நியாயமாகவே கேட்பார்கள். சோதிக்கலாம். தெப்பத்தில் வந்தவை சிறியவையாக இருக்க வேண்டும். வருகைகள் காலத்தால் சிதறியிருக்க வேண்டும். காற்றும் நீரோட்டமும் உதவும் திசையில் வந்திருக்க வேண்டும். முதல் இரண்டும் பொருந்துவதைப் பார்த்தோம். மூன்றாவதுதான் நெடுநாள் முள்ளாக இருந்தது. இன்று மொசாம்பிக் கால்வாயின் நீரோட்டம் மடகாஸ்கரிலிருந்து விலகி ஓடுகிறது. ஆனால் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் அக்காலத்தில் இன்றைக்கு இருப்பதைவிடத் தெற்கே இருந்தன. அந்த நிலையை வைத்துக் கடலோட்டத்தைக் கணினியில் மீட்டுருவாக்கிய ஜேசன் அலி, மேத்யூ ஹூபர் இருவரும், நீரோட்டம் சில வேளைகளில் கிழக்கு நோக்கி மடகாஸ்கர் கரைவரை வலுவாக ஓடியது என்று 2010இல் காட்டினார்கள். சில வாரங்களில் ஒரு தெப்பம் கரை சேரக்கூடிய வேகம் அது. கண்ணால் கண்ட சான்றும் உண்டு. 1995இல் கரீபியனில் சூறாவளிகள் வீசிய பின், வேரோடு சாய்ந்த மரங்களின் மிதவையில் குறைந்தது பதினைந்து பச்சை உடும்போந்திகள் அங்குவில்லாத் தீவில் கரையொதுங்கின. அதற்கு முன் அந்த இனம் அங்கு இருந்ததில்லை.

ஓந்தி பல நாள் பட்டினி தாங்கும். வெப்ப இரத்த விலங்கு தாங்குமா? தென் அமெரிக்கா இதற்கு விடை தருகிறது. அக்கண்டம் பல கோடி ஆண்டுகள் தீவாகக் கிடந்தது. அங்குள்ள குரங்குகளுக்கு அக்கண்டத்தின் பழைய அடுக்குகளில் மூதாதைகளே கிடையாது. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் சாண்டா ரோசா என்ற இடத்தில் கிடைத்த நான்கு கடைவாய்ப் பற்களை 2020இல் ஆராய்ந்தவர்கள், அவை அதுவரை ஆப்பிரிக்காவில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு குரங்குக் குடும்பத்துக்கு உரியவை என்று கண்டார்கள். அந்த விலங்குக்கு உகாயாலிபித்தேகஸ் என்று பெயர். 3 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைக்கு இருப்பதைவிடக் குறுகலான ஆனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகன்ற அட்லாண்டிக்கை அதன் மூதாதை தாண்டியிருக்கிறது. அங்கே மூழ்கிய கண்டம் என்று யாரும் வாதிட வழியில்லை. அட்லாண்டிக்கின் அடித்தளப் பாறையின் வயது வரிவரியாக அளக்கப்பட்டிருக்கிறது. அந்த அகலத்தை நோக்க மொசாம்பிக் கால்வாயின் 400 கிலோமீட்டர் சிறு தொலைவு. மடகாஸ்கரின் குள்ள லெமூர்களில் ஒரு வகை, வாலில் கொழுப்பைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஆண்டில் ஏழு மாதங்கள்வரை மரப்பொந்தில் உறங்கிக் கிடக்கிறது. டென்ரெக்குகளில் சிலவும் அப்படியே. மூதாதைகளுக்கும் இந்தத் திறன் இருந்திருந்தால், பொந்துள்ள மரம் ஒன்று கடலில் மிதப்பது அவற்றுக்கு மரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு தாடையெலும்பின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. கென்யாவில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழைய அடுக்குகளில் கிடைத்த சில தாடைத் துண்டுகளுக்கு 1967இல் அதே சிம்ப்சன் புரோபோட்டோ என்று பெயரிட்டு, ஆப்பிரிக்கத் தேவாங்கான போட்டோவின் முன்னோர் என்றார். ஈராண்டில் இன்னோர் ஆய்வாளர், அது பழந்தின்னி வௌவால் என்று வாதிட்டார். அந்தக் கருத்தே நிலைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2018இல், கிரெக் கன்னலும் உடன் ஆய்ந்தோரும் அதை எகிப்தின் ஃபயூமில் கிடைத்த பிளீசியோபித்தேகஸுடன் ஒப்பிட்டு, வௌவாலும் அல்ல, போட்டோவும் அல்ல, மடகாஸ்கரின் ஐ-ஐ என்னும் விசித்திர லெமூரின் உறவு என்று காட்டினார்கள். இது சரியென்றால் ஐ-ஐயின் கால்வழி ஆப்பிரிக்காவிலேயே பிற லெமூர்களிடமிருந்து பிரிந்துவிட்டது; ஆகவே லெமூர்கள் கடலை ஒருமுறை அல்ல, இருமுறை தாண்டியிருக்கின்றன. லெமூர்களின் தாயகம் மூழ்கிய கண்டமும் அல்ல, மடகாஸ்கரும் அல்ல; ஆப்பிரிக்கப் பெருநிலம்.

தேவாங்கின் பக்கம் திரும்புவோம். அதன் கிளையின் மிகப் பழைய சான்றுகளும் ஃபயூமிலேயே கிடைக்கின்றன. சகாராகலாகோ, கரானிசியா என்னும் இரண்டு, ஏறத்தாழ 3.7 கோடி ஆண்டு பழையவை. ஆசியாவிலோ, பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலத்துச் சிவாலிக் அடுக்குகளில் 80 முதல் 90 லட்சம் ஆண்டு பழைய நிக்டிசிபாய்டிஸ் கிடைத்திருக்கிறது. இது தேவாங்குக் குடும்பத்தின் உறுப்பினர் என்பதில் ஐயமில்லை. இக்குடும்பம் ஆசியாவுக்குள் முதலில் எப்போது நுழைந்தது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வழி எது என்பதில் அத்தனை சிக்கல் இல்லை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்க–அரேபியத் தட்டு ஆசியாவைத் தொட்டது. யானைகளின் மூதாதைகள் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியே வந்ததும் அந்த இணைப்பின் வழியாகத்தான். இன்று பாலையாகக் கிடக்கும் அந்நிலங்களில் அன்று மரங்கள் இருந்தன. பிறகு வறட்சி கூடியது. சிவாலிக் பகுதியிலேயே ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காடு சுருங்கிப் புல்வெளி பரவியதை அங்குள்ள மண்ணடுக்குகளின் கார்பன் காட்டுகிறது. நடுவில் இருந்த தேவாங்குகள் காட்டோடு அழிந்தன. ஆப்பிரிக்காவின் ஈரக் காடுகளிலும் தெற்காசியாவின் காடுகளிலும் இருந்தவை பிழைத்தன. நம் தேவாங்குக்கும் அதன் ஆப்பிரிக்க உறவுகளுக்கும் இடையில் மூழ்கிப்போன நிலம் ஏதும் இல்லை. இருப்பது காய்ந்துபோன காடு.

தேவாங்குக்கு மட்டும் சொல்லப்பட்ட தனிக்கதை அல்ல இது. நம் சருகுமானைப் பாருங்கள்: அதன் உறவு ஒன்று மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் இருக்கிறது, இடையில் எங்கும் இல்லை. ஆனால் டோர்காதீரியம் என்ற அதன் பழைய உறவின் எலும்புகள் ஐரோப்பாவிலும் கென்யாவிலும் சிவாலிக்கிலும் கிடைக்கின்றன. அழுங்கு என்று நாம் சொல்லும் எறும்புதின்னி ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டும் இருக்கிறது, 4.7 கோடி ஆண்டு பழைய அதன் முன்னோர் ஜெர்மனியின் மெஸ்ஸலில் கிடைத்தது. புதைபடிவங்கள் இல்லாதிருந்தால் இந்த இரண்டுக்காகவும் கடலில் ஒரு கண்டத்தைக் கட்டியிருப்போம். கட்டினால், சருகுமானும் அழுங்கும் நடுவழியான மடகாஸ்கரில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடையிருக்காது.

லெமூரியா வாதத்துக்கு ஒருமுறை உண்மையிலேயே வலுவான துணை கிடைத்தது. பலூசிஸ்தானின் புக்தி குன்றுகளில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டு பழைய சில சிறு பற்களை 2001இல் விவரித்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அவை மடகாஸ்கரின் குள்ள லெமூர்களுக்கு நெருங்கியவை என்று கருதி புக்திலெமூர் என்று பெயரிட்டார்கள். ஸ்க்லேட்டர் காத்திருந்த சாட்சி நம் துணைக்கண்டத்திலிருந்தே வந்ததாகத் தோன்றியது. ஆனால் ஆசியாவில் பிற இடங்களில் அதே வகைப் பற்கள் கிடைத்து ஒப்பிட்டபோது, அது சீப்புப் பல் இல்லாத வேறொரு பழங்குழுவில் சேர்ந்தது; கடைவாய்ப் பல்லின் ஒற்றுமை, ஒரே உணவால் விளைந்த ஒற்றுமையே. சூரத் மாவட்டத்து வஸ்தான் நிலக்கரிச் சுரங்கமும் இதையே சொல்கிறது. ஏறத்தாழ 5.45 கோடி ஆண்டு பழைய அந்த அடுக்கிலிருந்து அசோக் சாஹ்னி, கென்னத் ரோஸ் முதலியோர் அடங்கிய குழுவினர் மார்க்கொடினோஷியஸ், ஆசியாடாபிஸ் போன்ற ஆதிப் பிரைமேட்டுகளை, அதாவது லெமூர், தேவாங்கு, குரங்கு அடங்கிய வரிசையின் பழைய விலங்குகளை, எடுத்தார்கள். அவற்றின் நெருங்கிய ஒப்புமை ஐரோப்பாவோடு; மடகாஸ்கரோடு அல்ல.

கண்டத் துண்டுகள் கடலில் மூழ்கவே மூழ்காதா என்று நிலவியல் அறிந்தவர் மறிப்பார். மூழ்கும். 2013இல் மொரீஷியஸ் கடற்கரை மணலிலும், பின்னர் 2017இல் அதன் எரிமலைப் பாறையிலும் 300 கோடி ஆண்டுவரை பழமையான சிர்க்கான் படிகங்கள் இருப்பது அறிவிக்கப்பட்டபோது, லெமூரியா கிடைத்துவிட்டது என்று செய்திகள் வந்தன. மொரீஷியஸுக்கு அடியில் ஒரு பழங்கண்டத் துணுக்கு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்டப்பாறை கடலடிப் பாறையைவிட எடை குறைந்தது; கண்டம் முழுதாகக் கீழே போகாது, இழுபட்டு மெலிந்த விளிம்புகளே அமிழும். அந்தத் துணுக்கு மெலிந்தது மடகாஸ்கரிலிருந்து இந்தியா பிரிந்த நிகழ்வோடு சேர்ந்த ஒன்று. அப்பிரிவு ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். ஐயத்துக்கிடமில்லாத பிரைமேட்டுகள் பாறையில் முதலில் தென்படுவது 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பயணி பிறப்பதற்கு 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வண்டி புறப்பட்டுவிட்டது.

அந்த வண்டியில் ஏறியவர்கள் வேறு. இதை நான் விரும்பிச் சொல்கிறேன், ஏனெனில் இந்தியா–மடகாஸ்கர் உறவு கற்பனையன்று. ஸ்க்லேட்டர் நினைத்ததைவிடப் பழையது. தக்காணத்து எரிமலைக் குழம்புகளுக்கு இடைப்பட்ட படிவுகளில், தெலங்கானாவின் நஸ்கல் முதலிய இடங்களில், பாரததீரியம் என்ற பாலூட்டியின் நெடிய பற்கள் கிடைத்தன. அதன் உறவான லவனிஃபி மடகாஸ்கரில் கிடைத்தது. வேறு உறவுகள் தென் அமெரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும் கிடைத்தன. இக்குழுவுக்கு இன்று வாரிசு இல்லை. நம் அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த குர்மாடெமிஸ் என்னும் ஆமை 2001இல் விவரிக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவு மும்பையிலும் மடகாஸ்கரிலும் இருந்தது. உயிரோடு இருக்கும் சாட்சியும் ஒன்று உண்டு: 2003இல் பிஜுவும் பொசுயிட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விவரித்த ஊதாத் தவளை. அதன் மிக நெருங்கிய உறவுகள் செஷல்ஸ் தீவுகளில் மட்டுமே வாழ்கின்றன. உப்புநீர் தவளையின் தோலுக்குப் பகை; பிரிந்து நகர்ந்த நிலத்தின் மேலேயே அது உட்கார்ந்து வந்தது. நிலத்தோடு வந்தது தவளை, காட்டைத் தொடர்ந்து வந்தது தேவாங்கு, தெப்பத்தில் போனது லெமூர்.

குமரிக்கண்டம் பொய் என்பதா இது என்று கேட்பவர் இந்த அவையில் இருக்கலாம். கடல்கொண்ட பாண்டிநாட்டைப் பற்றி இறையனார் களவியல் உரை சொல்கிறது, சிலப்பதிகாரம் சொல்கிறது. அவை லெமூர்களைப் பற்றிப் பேசவில்லை. 1864ஆம் ஆண்டுக் கட்டுரை அவற்றுக்குத் தேவையும் இல்லை. பனியூழி முடிந்து கடல் உயர்ந்தபோது நம் கடற்கரை உண்மையில் நிலம் இழந்தது. அந்த இழப்பின் அளவைக் குமரி நில நீட்சி என்ற நூலில் நிலவியலாளர் சு. கி. ஜெயகரன் கடலடி ஆழங்களைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார். மடகாஸ்கர்வரை நீண்ட கண்டத்துக்கு அங்கே இடமில்லை, கரையோர நிலத்துக்கு இடமுண்டு. ஆயிரம் ஆண்டுகளில் அளக்கும் நினைவையும் கோடி ஆண்டுகளில் அளக்கும் பாறையையும் ஒரே பெயரில் பிணைத்தது இரண்டுக்கும் தீங்கு. விலங்கியல் கைவிட்டுவிட்ட ஒரு கருதுகோளின் மேல் நம் இலக்கியச் சான்றை நிறுத்தினால், கருதுகோள் சாயும்போது சான்றும் சாயும்.

என் வாதத்தின் பலவீனமான இடத்தையும் சொல்லிவிட வேண்டும். டைனோசர்கள் மறைந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து ஏறத்தாழ கடைசி ஒரு லட்சம் ஆண்டுவரை, மடகாஸ்கரில் தரைப் பாலூட்டிப் புதைபடிவம் என்று சொல்லத்தக்கது கிடைக்கவில்லை. லெமூர் வந்த காலம் முழுவதும் அந்த வெற்றிடத்துக்குள்தான் இருக்கிறது. கால்வாயின் நடுவே டேவி மேடு என்ற கடலடி முகடு நீண்டு கிடப்பதால், அது அவ்வப்போது நீருக்கு மேல் எழுந்து குறுகிய காலப் பாலமாக இருந்திருக்கலாம் என்று ஜூடித் மாஸ்டர்ஸ் உள்ளிட்ட சிலர் அண்மையிலும் எழுதியிருக்கிறார்கள். அழிந்துபோன குள்ள நீர்யானைகளை அவர்கள் சுட்டுகிறார்கள். அது கனமான வாதம், ஆனாலும் பெரிய விலங்குகளில் நீரோடு பழகிய அந்த ஒன்றே வந்தது என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். மடகாஸ்கரில் 3 கோடி ஆண்டு பழைய ஓர் அடுக்கு கிடைத்து, அதில் ஒரு யானைமூதாதையின் கடைவாய்ப் பல்லோ இரலையின் முன்னோடி ஒன்றின் தாடையோ இருந்தால், பாலம் பிழைக்கும். நான் இங்கே சொன்னதில் பாதி விழும். வஸ்தானிலோ புக்தியிலோ சீப்புப் பல்லோடு கூடிய ஒரு லெமூர்த் தாடை முழுமையாகக் கிடைத்தால் மீதியும் விழும். இதுவரை கிடைத்த பற்கள் அந்தத் திசையில் ஒன்றையும் காட்டவில்லை.